ஆண்டிறுதிச் சுற்றறிக்கை எவர்க்கு?

ஆண்டு முடியுங்கால் பல்கலைக்கழகப் பதிவாளர்கள் பணியாளர் அனைவர்க்கும் சுற்றறிக்கை விடுப்பர். விடுமுறை நாள்கள், எஞ்சிய விடுப்பு, வருமானவரிச் சான்றுகளை ஒப்படைக்கும் இறுதிநாள் யாவும் அதில் அடங்கும். பேராசிரியர்க்கும் ஊர்தி ஓட்டுநர்க்கும் அஃது ஒன்றே. தமிழ்நாட்டிலோ, பல பல்கலைக்கழகங்களில் இன்றும் அஃது ஆங்கிலத்திலேயே வருகின்றது. படிக்கவியலாதவர் பிறரை நாடுகின்றார். நாள் கடந்தபின் அறிபவர்க்கோ ஊதியத்தில் கூடுதல் வரி பிடிக்கப்படுகின்றது.

தமிழை ஆட்சிமொழியாக்கிய சட்டம் 1956ஆம் ஆண்டினது. வேல்சு நாட்டிலோ, பணிசார் மடல்கள் வேல்சு மொழியில் வேண்டுமா எனப் பணியாளரைக் கேட்பது, 2011ஆம் ஆண்டு மொழிச் சட்டவழி நெறிகளின்படி, பல்கலைக்கழகங்களின் கடமை. ஏறத்தாழ 5 இலக்கத்தவர் பேசும் மொழிக்கு இயன்றது, தமிழுக்கு இயலாதா?

பணியாளர்க்கு விளங்காத அறிவிப்பு அறிவிப்பாகாது. பதிவாளர்கள் இவ்வாண்டே தமிழில் விடுக்க! பணியாளர்கள் கேட்டுப் பெறுக!