வால்வுக்கு முன்னும் பின்னும் இரண்டு கேஜ்

2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. ஒரு சொட்டுக் கழிவுநீர்கூட நொய்யல் ஆற்றுக்குப் போகக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் மண்ணரை உள்ளிட்ட பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் இன்று ஓடுகின்றன. சாய நீரை ஏற்றுவதில் தொடங்கி ஆர்ஓ, ஆவியாக்கி வரை எல்லாமே மோட்டார். கரண்ட் பில் கழுத்தைப் பிடிக்கும்போது எல்லோரும் சொல்லும் முதல் யோசனை, மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் டிரைவ் மாட்டுவது. டிரைவ் வேண்டும் என்பதே நம் கருத்தும். கொட்டேஷனோடு வரும் சேமிப்புக் கணக்கைத்தான் அப்படியே ஏற்க முடியவில்லை.

அந்தக் கணக்கு பெரும்பாலும் கனசதுர விதி: வேகம் 80 சதவீதமானால் மின்சுமை 51 சதவீதம். குழாய் உராய்வு மட்டுமே தடையாக உள்ள சுற்றோட்டத்தில் இது ஏறக்குறைய சரி. ஆனால் தொட்டியிலிருந்து 15 மீட்டர் மேலே நீர் ஏற்றும் பம்பைப் பாருங்கள். 50 ஹெர்ட்ஸில் டெலிவரி வால்வை முழுக்க மூடினால் அது 24 மீட்டர் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். 40 ஹெர்ட்ஸுக்கு இறக்கினால் அந்த 24, 15.4 ஆகிவிடும். தண்ணீர் ஏறுவது அநேகமாக நின்றுபோகும். இம்பெல்லர் உள்ளிருக்கும் நீரையே கலக்கிச் சூடாக்கும், மெக்கானிக்கல் சீல் போகும். திரையில் ஆம்பியர் குறைந்ததைச் சேமிப்பு என்று எழுதுகிறார்கள். கன மீட்டருக்கு எத்தனை யூனிட் என்பதல்லவா கணக்கு?

ஆர்ஓவிலும் அந்த விதி பொருந்தாது; ஆஸ்மாட்டிக் அழுத்தம் பம்பின் வேகத்துக்குக் கட்டுப்பட்டதல்ல. அங்கே லாபம் வேறிடத்தில் இருக்கிறது. மெம்பரேன் அடைத்துப்போன நாளுக்கும் ஈடுகொடுக்கட்டும் என்று பெரிய பம்பாக வாங்கி, மற்ற நாட்களில் வால்வைத் திருகி அடக்கி ஓட்டுகிறோம். வால்வுக்கு முன் 50 பார், பின் 40 பார் என்றால், பம்பு நீருக்குக் கொடுத்த சக்தியில் ஐந்தில் ஒரு பங்கு அந்த வால்விலேயே வீணாகிறது. டிரைவ் மீட்டுத் தருவது இந்தப் பத்து பாரைத்தான். அதுவே சிறிய தொகையல்ல.

கழிவுநீருக்குக் காற்றூட்டும் ரூட்ஸ் புளோயரிலும் கனசதுர விதி இல்லை. காற்றழுத்தம் மாறாதவரை சுமை வேகத்துக்கு நேர் விகிதத்தில்தான் குறையும்.

ஆகவே விலை கேட்பதற்கு முன் வால்வின் இரு பக்கமும் கேஜ் போடுங்கள், ஃப்ளோ மீட்டர், எனர்ஜி மீட்டர் வையுங்கள். சாய வரத்தும் உப்பின் அளவும் நாளுக்கு நாள் மாறுவதால் ஒரு வாரமாவது குறித்து வையுங்கள். டிரைவ் ஏறிய பேனலில் பழைய கெப்பாசிட்டர் பேங்கை அப்படியே விடாதீர்கள். ஹார்மோனிக்ஸ் அளந்து, தேவையானால் டிட்யூன்ட் ரியாக்டர் சேருங்கள். டிரைவுக்கும் மோட்டாருக்கும் நடுவே கெப்பாசிட்டர் இருக்கவே கூடாது.

மாட்டுவதற்கு முன்னும் பின்னும் எடுத்த அளவுகளை எங்களுக்கு அனுப்புங்கள். எதிர்பார்த்த சேமிப்பு கிடைக்காத இடங்களின் அளவுகளையும் சேர்த்தே வெளியிடுவோம்.