கணக்கு தெரிந்த புலனாய்வு தேவை

திருப்பூர் பாசி நிதி நிறுவன மோசடி வெளிச்சத்துக்கு வந்தது 2009-இல். ஏறத்தாழ ரூ.930 கோடியைச் சுருட்டிய வழக்கில், அதன் நிர்வாகிகளுக்குக் கோவை சிறப்பு நீதிமன்றம் 27 ஆண்டுகள் சிறைத் தண்டனை விதித்தது 2022-இல். தீர்ப்புக்குப் பாராட்டு உண்டு. ஆனால், 13 ஆண்டுகள் காத்திருந்த முதலீட்டாளருக்குத் தண்டனையைவிடப் பணமே முக்கியம்.

அதே 2022-இல் ஆருத்ரா வழக்கு வெடித்தது. ஏறத்தாழ ஒரு லட்சம் பேரிடம் ரூ.2,400 கோடிக்கு மேல் திரட்டப்பட்டதாகப் பொருளாதாரக் குற்றப் பிரிவு குற்றஞ்சாட்டுகிறது. மாதம் 30 சதவீதம் வரை வட்டி என்பது வாக்குறுதி. தொழில் வருமானம் இல்லாத ஒரு நிறுவனம் இந்த வட்டியைப் புதிய முதலீட்டிலிருந்தே கொடுப்பதானால், மொத்த முதலீடு ஓராண்டில் 23 மடங்காகவும், ஈராண்டில் 500 மடங்குக்கு மேலும் பெருக வேண்டும். இந்த எளிய கணக்கை முதல் புகாரிலேயே போட்டுப் பார்க்கும் பொருளியல் வல்லுநர் இருந்தால், ஏமாந்தோர் திரளும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

தருமபுரி மாவட்டம் வத்தல்மலையில் விளையும் காபிக்கும் மிளகுக்கும் சந்தை இருக்கிறது; விலை ஏறினாலும் இறங்கினாலும் வாங்குவோர் உண்டு. பெருந்துறையை மையமாகக் கொண்டு பரவி 2012-இல் சரிந்த ஈமு பண்ணைத் திட்டங்களுக்கு அப்படிச் சந்தை இருக்கவில்லை. புதிய விவசாயிகள் குஞ்சு வாங்கும்வரைதான் அந்தப் பறவைக்கு விலை. இதைக் கண்டறியச் சோதனை நடத்தத் தேவையில்லை. சந்தையை விசாரித்தாலே போதும்.

கணினி அறிவும் இதே அளவு அவசியம். சத்யம் வழக்கில், நிறுவனத்தின் கணினி அமைப்புக்குள்ளேயே மறைத்து வைக்கப்பட்டிருந்த 7,500-க்கும் மேற்பட்ட போலி விலைப்பட்டியல்கள் மோசடியின் ஆணிவேரைக் காட்டின. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய சாக்ஷிய சட்டம், மின்னணுச் சான்றுடன் அளிக்கும் சான்றிதழில் நிபுணரின் கையொப்பத்தையும் கோருகிறது. கைப்பற்றிய மடிக்கணினியை முறையாகப் படியெடுக்கத் தவறினால், வழக்கே ஆட்டம் காணும்.

மத்திய அரசின் தீவிர மோசடி விசாரணை அலுவலகத்தில் வங்கி, வரி, தடயவியல் தணிக்கை, மூலதனச் சந்தை, தகவல் தொழில்நுட்பம், சட்டம் ஆகிய துறைகளின் வல்லுநர்கள் இடம்பெற வேண்டும் என்று நிறுவனங்கள் சட்டம் 2013 கூறுகிறது. தமிழகப் பொருளாதாரக் குற்றப் பிரிவோ பெரும்பாலும் காவல் நிலையப் பணியிலிருந்து மாறுதலாகி வருவோரை நம்பியே இயங்குகிறது. அவர்களின் உழைப்பில் குறையில்லை. ஆனால், பல நூறு வங்கிக் கணக்குகளுக்கிடையே பணம் பாய்ந்த பாதையை வரைவது வேறொரு தொழில்.

முதலீட்டாளர் நலன் காக்கும் 1997-ஆம் ஆண்டுச் சட்டம் சொத்துகளை முடக்கும் அதிகாரத்தைத் தமிழக அரசுக்குத் தருகிறது. எந்தச் சொத்தை, அது கைமாறும் முன் முடக்குவது என்பதைச் சொல்லக் கணக்கறிந்தவர் வேண்டும். போட்டதைவிட அதிகம் பெற்றவர் யார், எதுவுமே பெறாதவர் யார் என்று பிரிக்காமல், மீட்ட பணத்தை நியாயமாகப் பங்கிடவும் முடியாது. வல்லுநர்களை நீதிமன்றச் சாட்சிகளாகக் கடைசியில் அழைப்பது போதாது. புகார் பதிவாகும் நாளிலேயே அவர்கள் விசாரணைக் குழுவில் இருக்க வேண்டும். அதற்கான நிரந்தரப் பணியிடங்களை அரசு உருவாக்க வேண்டும்.