சாம்பாரில் கோதுமை இருக்கிறதா?

சென்னையில் கோதுமை சேராத உணவைத் தேடி அலைய வேண்டுமா என்று கேட்டால், பெரும்பாலானோர் சிரிப்பார்கள். இட்லி, தோசை, பொங்கல், இடியாப்பம், ஆப்பம், சோறு என்று காலை முதல் இரவு வரை அரிசியையும் உளுந்தையும் நம்பி இயங்கும் நகரம் இது. ஆனால், கோதுமையை வாழ்நாள் முழுவதும் அறவே தவிர்க்க வேண்டும் என்று மருத்துவர் எழுதிக் கொடுத்த ஒருவர், இந்த நகரத்தில் வீட்டுக்கு வெளியே நம்பிக்கையோடு ஒரு வேளை சாப்பிடுவது எளிதன்று. இட்லியைத் தைரியமாகச் சாப்பிடலாம். சாம்பாரைத் தொடலாமா என்பதற்குப் பல உணவகங்களில் பதில் சொல்ல ஆளில்லை.

சாம்பாரில் கோதுமைக்கு என்ன வேலை? பெருங்காயத்தின் வழியாக அது வருகிறது. கடைகளில் தூளாகவும் கட்டியாகவும் நாம் வாங்குவது பெரும்பாலும் கூட்டுப் பெருங்காயம். செடியிலிருந்து வடியும் பிசின் மிகக் காரமானது என்பதால், அதனுடன் கருவேலம் பிசினையும் ஏதேனும் ஒரு மாவையும் கலந்தே விற்கிறார்கள். அந்த மாவு பல தயாரிப்புகளில் கோதுமை அல்லது மைதா, சிலவற்றில் அரிசி. சாம்பார், ரசம், மோர்க்குழம்பு, தயிர்சாதம், ஊறுகாய் என்று தமிழ்ச் சமையலில் பெருங்காயம் போகாத இடம் குறைவு. டப்பாவின் பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் அச்சிட்டிருப்பதை வீட்டில் படித்துப் பார்த்து வாங்கலாம். உணவகத்தில் அந்த டப்பாவைப் பார்ப்பவர் சமையல் மாஸ்டர் மட்டுமே.

குளூட்டன் என்பது கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள புரதம். பரோட்டா மாவு வீசும்போது கிழியாமல் துணிபோல் விரிவது அதனால்தான். சீலியாக் நோய் உள்ளவர்களின் உடலில் இந்தப் புரதம் நுழைந்தால், நோய் எதிர்ப்பு அமைப்பு தன் சிறுகுடலின் உட்சுவரையே தாக்கத் தொடங்குகிறது. சத்துகளை உறிஞ்ச வேண்டிய நுண்ணிய விரல்கள் போன்ற அமைப்புகள் தேய்ந்துபோகின்றன. தீராத வயிற்றுப்போக்கு, மாத்திரைக்கு அடங்காத ரத்தசோகை, வளராத குழந்தை, இளவயதிலேயே எலும்பு மெலிவு எனப் பல உருவங்களில் இது வெளிப்படும். ரத்தப் பரிசோதனையாலும் குடல் திசுப் பரிசோதனையாலும் நோயை உறுதி செய்யலாம். ஆனால், குளூட்டன் இல்லாத உணவைத் தவிர இன்றுவரை இதற்கு வேறு சிகிச்சை இல்லை. சர்க்கரை நோயாளி ஒரு நாள் இனிப்பை உண்டுவிட்டு மறுநாள் ஈடுகட்டுவது போன்ற சலுகையும் இதில் இல்லை. 2007இல் இத்தாலிய ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவின்படி, நாளொன்றுக்கு 50 மில்லிகிராம் குளூட்டன் மூன்று மாதம் தொடர்ந்தாலே குடல்சுவர் பாதிக்கப்படுகிறது. ஒரு ரொட்டித் துண்டில் இருப்பது இதைப்போல் பல மடங்கு. ரொட்டித் தூள் அளவே போதும் என்பதுதான் இதன் பொருள்.

இது வட இந்தியரின் நோய் என்ற எண்ணம் இங்கே மருத்துவ வட்டாரத்திலேயே நெடுநாள் இருந்தது. அதற்கு ஆதாரமும் உண்டு. நாட்டின் வடக்கு, வடகிழக்கு, தெற்குப் பகுதிகளில் 23 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெரியவர்களைப் பரிசோதித்த ஓர் ஆய்வு 2016இல் வெளியானது. சீலியாக் நோய்க்கான எதிர்ப்பொருள்கள் வடக்கில் 1.23 சதவீதம் பேரிடமும், வடகிழக்கில் 0.87 சதவீதம் பேரிடமும், தெற்கில் 0.10 சதவீதம் பேரிடமும் காணப்பட்டன. ஆனால், அதே ஆய்வு சொன்ன இன்னொரு செய்தி பரவலாகப் பேசப்படவில்லை. இந்த நோய்க்கு இடம் கொடுக்கும் மரபணுக்கூறு மூன்று பகுதிகளிலும் ஏறத்தாழ ஒரே அளவில் இருந்தது. பெரிதும் வேறுபட்டது கோதுமைதான்: வடக்கில் ஒருவர் நாளொன்றுக்குச் சராசரியாக உண்டது 455 கிராம், தெற்கில் 25 கிராம்.

அந்த 25 கிராம் அப்படியே நிற்கும் என்று எதிர்பார்க்க முடியாது. இரவு பரோட்டாக் கடை இல்லாத தெரு இல்லை. சர்க்கரை நோய்க்கு அஞ்சி இரவுச் சோற்றை விட்டுச் சப்பாத்திக்கு மாறிய குடும்பங்கள் ஏராளம். நியாயவிலைக் கடையில் அரிசிக்குப் பதில் கோதுமையும் வாங்கலாம். 2022இல் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தின் பட்டியலில் ரவை, சேமியா, கோதுமை ரவை ஆகியவற்றால் செய்யும் உப்புமாவும் கிச்சடியும் இடம்பெற்றுள்ளன. நல்ல திட்டம், பசியோடு பள்ளிக்கு வரும் குழந்தைக்கு அது வரம். ஆனாலும், உப்புமா சாப்பிட்டு அடிக்கடி வயிற்று வலியால் துடிக்கும் ஒரு குழந்தையை "சாப்பிடாமல் இருக்க நடிக்கிறாள்" என்று ஆசிரியர் எண்ணிவிடாமல் இருக்க, இப்படியொரு நோய் உண்டு என்ற செய்தியாவது அந்தப் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.

மீண்டும் உணவகத்துக்கு வருவோம். அரிசி தோசை கேட்கிறோம். அதே கல்லில் சற்றுமுன் ரவா தோசையோ கோதுமை தோசையோ வார்த்திருப்பார்கள். துடைப்பத்தால் ஒரு வீச்சு, ஒரு கை தண்ணீர், அடுத்தது நம் தோசை. உளுந்து வடையில் கோதுமை இல்லை; பூரி பொரித்த எண்ணெயில் இருக்கிறது. பிரியாணி அரிசிதான்; தம் போடும்போது அண்டாவின் வாயை மைதா மாவால் அடைப்பது சில சமையலறைகளின் வழக்கம். துரித உணவுக் கடையின் ஃபிரைடு ரைசில் ஊற்றும் சோயா சாஸ் பெரும்பாலும் கோதுமை சேர்த்தே புளிக்க வைக்கப்படுகிறது. காலிஃபிளவர் பொரியலுக்கு மொறுமொறுப்புத் தருவது பல இடங்களில் மைதா. குழந்தைக்கு ஏதாவது ஊட்டமாகக் கொடுக்கலாம் என்று மால்ட் பானத்தைக் கேட்டால், அதில் பார்லி.

இவற்றையெல்லாம் சப்ளையரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாமே என்பார்கள். கேட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும். "கோதுமை இல்லை சார், மைதாதான்" என்ற பதில் வரும். மைதாவும் ரவையும் சேமியாவும் கோதுமையே என்பது படித்தவர்கள் பலருக்கும் உடனே நினைவுக்கு வருவதில்லை. காலையிலிருந்து இருபது மேசைகளுக்கு ஓடிக்கொண்டிருப்பவரைக் குறை சொல்ல முடியாது. அதைவிட ஆபத்தானது அன்பு. "கொஞ்சம்தானே, ஒன்றும் ஆகாது, சாப்பிடுங்க" என்ற உபசாரம் நம் பண்பாட்டில் ஊறியது. திருமணப் பந்தியில் இலையில் விழுந்ததை ஒதுக்கினால் பெண் வீட்டாரின் முகம் வாடும். இதனாலேயே பந்தியைத் தவிர்ப்பவர்கள், அலுவலகப் பயணத்துக்குப் பொட்டலச் சோறு கட்டிக்கொண்டு போகிறவர்கள், நண்பர்கள் சாப்பிடும்போது காபியோடு நிறுத்திக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். நோயைவிட இந்த ஒதுங்கல்தான் அவர்களை அதிகம் வாட்டுகிறது.

அண்மைக் காலத்தில் நகரின் நவீன காபிக் கடைகளில் 'குளூட்டன் இல்லாதது' என்ற சொல் பட்டியலில் ஏறிவிட்டது. உடல் மெலிய வேண்டும் என்பதற்காகக் கோதுமையைத் தவிர்ப்பவர்களை நோக்கிய விற்பனை அது. அதனால் நோயாளிக்கும் சில கதவுகள் திறந்தன என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால், நாகரிகத்துக்காகக் கேட்பவருக்கு ஒரு சிட்டிகை மாவு பொருட்டல்ல, கடைக்காரருக்கும் அப்படியே. மைதா பறக்கும் அதே மேசையில் பிசைந்து, அதே அடுப்பில் வேகும் பாதாம் மாவுக் கேக்குக்கு அந்தப் பெயரைச் சூட்டினால், அது நோயாளிக்குப் பொறி. சிறுதானிய உணவுகளின் கதையும் இதுவே. 2023ஐச் சர்வதேசச் சிறுதானிய ஆண்டாக ஐ.நா. அறிவித்தபின் கம்பும் கேழ்வரகும் திணையும் உணவகங்களில் புதுவாழ்வு பெற்றன. மகிழ்ச்சி. ஆனால், கேழ்வரகு என்ற பெயரில் விற்கும் சேமியா, பிஸ்கட், நூடுல்ஸ் பலவற்றில் மைதாவோ கோதுமை மாவோ சரிபாதிக்கும் மேல் இருக்கக்கூடும். தூய கேழ்வரகே ஆனாலும், கோதுமை அரைத்த இயந்திரத்திலேயே அரைத்த மாவு என்றால் பயனில்லை.

சட்டம் இல்லையா? இருக்கிறது. பொட்டலத்தில் 'குளூட்டன் இல்லாதது' என்று அச்சிட வேண்டுமானால், கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. உலகின் பல நாடுகளும் பின்பற்றும் அளவு அதுவே. உணவகங்களுக்கும் ஒரு விதி உண்டு. 2020இல் அறிவிக்கப்பட்ட முகப்புச்சீட்டு ஒழுங்குமுறைகளின்படி, குளூட்டன் உள்ள தானியங்கள், பால், முட்டை, நிலக்கடலை உள்ளிட்ட ஒவ்வாமைப் பொருள்கள் பற்றிய விவரத்தை உணவகம் வாடிக்கையாளருக்குத் தெரிவிக்க வேண்டும். ஆனால், மத்திய உரிமம் பெற்றவற்றுக்கும், 10 அல்லது அதற்கு மேற்பட்ட இடங்களில் கிளை உள்ளவற்றுக்குமே இது பொருந்தும். சென்னை சாப்பிடும் இடங்களில் பெரும்பாலானவை இந்த வரம்புக்கு வெளியே நிற்கின்றன. தெருமுனை மெஸ், அலுவலக வாசலில் டிபன் கடை, ஒற்றைக் கிளை சைவ ஓட்டல் எதற்கும் இந்தக் கடமை கிடையாது. வரம்புக்குள் இருப்பவற்றிலும், பட்டியலில் கலோரிக் கணக்கு தெரிகிற அளவுக்கு ஒவ்வாமை விவரம் கண்ணில் படுகிறதா என்பதை வாசகர்களே அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம்.

ஐரோப்பிய ஒன்றியம் வேறு வழியில் போனது. 2014 டிசம்பர் முதல், பொட்டலமிடாமல் பரிமாறும் உணவுக்கும் 14 ஒவ்வாமைப் பொருள்கள் பற்றிய தகவலைத் தர வேண்டும். சிறிய கடை, பெரிய கடை என்ற வேறுபாடு இல்லை. பாஸ்தாவும் பீட்சாவும் உயிர்மூச்சான இத்தாலி, சீலியாக் நோயாளிகளுக்கென்றே 2005இல் தனிச் சட்டம் இயற்றியது. பள்ளி, மருத்துவமனை, அரசு உணவுக்கூடங்களில் கேட்பவருக்குக் குளூட்டன் இல்லாத உணவு தர வேண்டும் என்கிறது அது. அங்குள்ள நோயாளிகள் சங்கம் சமையல்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்து, ஆயிரக்கணக்கான உணவகங்களின் பட்டியலைப் பராமரிக்கிறது. கோதுமை நாட்டின் தலைநகரில் நோயாளி கவலையின்றி உட்கார்ந்து சாப்பிடுகிறார். அரிசி நகரத்தில் சாம்பார்க் கிண்ணத்தைத் தள்ளி வைக்கிறார். அங்கே எங்கும் கோதுமை என்பதால் விழிப்பு வந்தது. இங்கே எங்கும் அரிசி என்பதால் யாரும் கேட்கவில்லை. கேட்காததால் யாரும் சொல்லவும் இல்லை.

தனிச் சமையலறை, தனி உணவகம் என்றெல்லாம் செலவு மிக்க தீர்வுகளைக் கேட்பது இங்கே நடைமுறைக்கு ஒவ்வாது. நோயாளிகள் எண்ணிக்கை குறைவான ஊரில் அத்தகைய உணவகம் நிலைப்பதும் கடினம். தேவையும் இல்லை. ஏற்கெனவே இருக்கும் ஓட்டல்கள் நான்கைந்து செய்திகளை உண்மையாகச் சொன்னால் போதும். பெருங்காயத்தில் எந்த மாவு? தோசைக்கல் பொதுவா, தனியா? வடை எண்ணெயில் பூரி போகிறதா? அரிசி மாவு கலந்த பெருங்காயம் சந்தையில் கிடைக்கிறது. அதற்கு மாறினால் சைவ ஓட்டலின் மதியச் சாப்பாட்டில் பாதிக்கு மேல் ஒரே நாளில் இவர்களுக்கு உகந்ததாகிவிடும். நாலணா ஐந்தணாக் கணக்கில் யோசிக்கும் சிறிய மெஸ்ஸுக்கும் இது தாங்கக்கூடிய மாற்றம்தான்.

பிரித்து வைப்பது நமக்குப் புதிதும் அல்ல. சைவப் பாத்திரம், அசைவப் பாத்திரம் என்று தனித்தனியே புழங்கத் தெரிந்த சமையலறைகள் இவை. பொட்டலத்தின் பச்சைக் குறியைப் பார்த்து வாங்கச் சிறுவருக்கும் தெரியும். சௌகார்பேட்டையில் ஜைன உணவு என்று சொன்னால், வெங்காயம், பூண்டு, கிழங்கு இல்லாமல் சமைத்து வருகிறது; ஏன் என்று யாரும் குறுக்குக் கேள்வி கேட்பதில்லை. நம்பிக்கைக்காக இவ்வளவு நுணுக்கம் காட்டத் தெரிந்த ஓட்டல் தொழிலுக்கு, குடலுக்காகவும் அதைக் காட்டுவது இயலாத காரியமல்ல.

அரசு செய்யக்கூடியதும் சிக்கலானதல்ல. ஒவ்வாமை விவரம் தரும் கடமையைப் படிப்படியாகச் சிறிய உணவகங்களுக்கும் விரிவாக்கும்படி மாநில உணவுப் பாதுகாப்புத் துறை ஆணையத்தை வலியுறுத்தலாம். உணவுக் கூடப் பணியாளர்களுக்கு ஏற்கெனவே நடக்கும் பயிற்சி வகுப்பில், ரவையும் மைதாவும் கோதுமையே என்பதில் தொடங்கி அரை மணி நேரம் ஒதுக்கலாம். இணையவழி உணவு விநியோகச் செயலிகள், 'குளூட்டன் இல்லாதது' என்ற தலைப்பில் உணவகம் தானாக எழுதிக் கொடுத்ததையெல்லாம் அப்படியே காட்டாமல், எதன் அடிப்படையில் அந்தப் பெயர் என்று கேட்கலாம்.

எங்கிருந்து தொடங்குவது என்றால், மருத்துவமனைகளைச் சுற்றியுள்ள தெருக்களே பொருத்தமான இடம். ஆயிரம் விளக்கு, கிரீம்ஸ் சாலைப் பகுதிகளில் சிகிச்சைக்காக வங்கத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வரும் குடும்பங்கள் வாரக்கணக்கில் தங்கி, அக்கம்பக்கத்து மெஸ்களில்தான் சாப்பிடுகின்றன. அவர்களுக்காக வங்க எழுத்தில் பெயர்ப்பலகை வைத்து, கடுகெண்ணெய் வாங்கி, மீன்குழம்பின் பக்குவத்தையே மாற்றிக்கொண்ட கடைகள் அங்கே உண்டு. குடல் நோய் மருத்துவரின் சீட்டோடு அந்தப் படியேறும் ஒருவரிடம், இந்தப் பருப்பில் என்ன பெருங்காயம் போட்டிருக்கிறோம் என்று அவர்களால் சொல்ல முடியும்.