நேர்ச்சுவர் என்று சொன்னால் போதுமா?

குமாஸ்தா உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்ற புதுச்சேரிக் கிழவனுக்கும் துப்பாக்கித் தோட்டாவுக்கும் என்ன சம்பந்தம் என்பீர்கள். அமெரிக்காவில், ஓஹையோ மாநிலத்தில் இருக்கும் என் தங்கை மகன் மான் வேட்டைக்குப் போகிறவன். சுட்டு முடித்த பித்தளைக் கூடுகளை வைத்துக்கொண்டு, மருந்தும் குண்டும் வீட்டிலேயே மறுபடி ஏற்றிக்கொள்ள ஆசைப்படுகிறான். அதற்கு வேண்டிய அச்சுக்கு 'டை' என்று பெயர். கடைக்காரர் அவனிடம் சொன்னாராம்: "நேர்ச்சுவர்த் தோட்டாதானே, எல்லாம் ஒன்றுதான். கார்பைடு டை வாங்குங்கள், எண்ணெய் வேண்டாம். வாயை நன்றாக மடித்துவிடுங்கள்." இந்தப் பேச்சில் ஒரு வரியும் உருப்படியில்லை.

நான் படித்த பிரெஞ்சுப் பள்ளியில் வாத்தியார் முதலில் கேட்பது 'தெஃபினிசியோன்'. சொல்லுக்குப் பொருள் சொல்லாமல் வாதம் தொடங்கக்கூடாது. நேர்ச்சுவர் என்றால் போத்தல் போலக் கழுத்து ஒடுங்காதது, அவ்வளவுதான். 2014-ல் ஓஹையோ இந்த வகை ரைபிள்களை மான் வேட்டைக்கு அனுமதித்தது. சட்டத்துக்கு அந்தப் பொருள் போதும். டை வாங்குகிறவனுக்குப் போதாது.

.357 மேக்னம் உண்மையிலேயே நேரானது. கார்பைடு வளையம் அதற்குப் பொருந்தும், எண்ணெயும் தேவையில்லை. ஆனால் 1873-ல் அமெரிக்க ராணுவத்துக்கு வந்த .45-70 அடியில் 0.505 அங்குலம், வாயில் 0.480. அங்குலத்தில் நாற்பதில் ஒரு பங்கு சரிவு. ஒரே அளவுள்ள வளையம் வாய்க்குப் பொருந்தினால் அடியை நெரிக்கும். அடிக்குப் பொருந்தினால் வாயைத் தொடாது. இதற்கு எஃகு டைதான் வேண்டும். எண்ணெய் தடவாமல் விட்டால் கூடு டைக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும்.

இரண்டு டை போதும் என்பது இன்னொரு சிக்கனம். போத்தல் கழுத்துக் கூட்டுக்குப் போதும். இங்கே மூன்று வேண்டும்: கூட்டைச் சுருக்க ஒன்று, வாயைச் சற்று விரிக்க ஒன்று, குண்டை அமர்த்த ஒன்று. நடுவில் உள்ளதை விட்டுவிட்டால் ஈயக் குண்டைக் கூட்டின் வாய் கத்திபோலச் சீவிவிடும்.

மடிப்பு விஷயம்தான் ஆபத்தானது. .45-70 தோட்டா துப்பாக்கி அறைக்குள் தன் அடி விளிம்பால் நிற்கிறது. குழாய் மேகசினில் ஒன்றின்பின் ஒன்றாக அடுக்கும்போது முன்தோட்டாவின் அடி இடித்துப் பின்தோட்டாவின் குண்டு உள்ளே இறங்காமலிருக்க, வாயை உள்பக்கம் சுருட்டி மடிக்கத்தான் வேண்டும். .450 புஷ்மாஸ்டரும் .350 லெஜண்டும் அப்படியல்ல. அவை நிற்பதே கூட்டின் வாய் ஓரத்தில்தான். அந்த ஓரத்தைச் சுருட்டிவிட்டால் தோட்டா அளவுக்கு மீறி உள்ளே போகும். ஊசி சரியாகத் தட்டாமல் போகலாம், அழுத்தமும் கணக்கை மீறலாம். இவற்றுக்கு வாயை மெல்ல ஒடுக்கும் டைதான் சரி.

மேலட்டையை மட்டும் பார்த்துவிட்டுக் கோப்பில் கையெழுத்துப் போடும் அதிகாரிகளை என் உத்தியோக காலம் முழுவதும் பார்த்தவன் நான். அங்கே தப்பு நடந்தால் யாருக்கோ பென்ஷன் தாமதமாகும். இங்கே தப்பு நடந்தால், சுடுகிறவன் முகத்துக்கு ஒரு சாண் தள்ளி நடக்கும்.

அதனால் தங்கை மகனிடம் சொல்லிவிட்டேன்: கூட்டுக்குச் சரிவு உண்டா, அறைக்குள் அது எதைப் பிடித்து நிற்கிறது, மேகசின் எப்படிப்பட்டது? இந்த மூன்றுக்கும் பதில் சொல்லத் தெரியாத கடையில் பர்ஸைத் திறக்காதே.