உப்பு வாரும் அக்காவையும் கேளுங்க!

செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து, 'இது உப்பளம், இது இறால் பண்ணை' என்று செயற்கை நுண்ணறிவைக் கொண்டு பிரிக்கும் பாடத்தைக் கல்லூரியில் படிக்கிறாள் என் மகள். கடல்நீரின் வெப்பத்தையும், பச்சையத்தையும் செயற்கைக்கோள் மூலம் அறிந்து, மீன் கிடைக்கும் இடத்தை ஐதராபாத் 'இன்காய்ஸ்' நிறுவனம் மீனவர்களுக்குச் சொல்லும் காலம் இது. பிள்ளைகள் இதைப் படிக்கத்தான் வேண்டும்.

ஆனால், பாடம் கம்ப்யூட்டர் அறையோடு முடிந்துவிடக் கூடாது. மேலிருந்து பார்த்தால் உப்பளமும், இறால் பண்ணையும் கட்டம் கட்டமாகத் தண்ணீராகவே தெரியும். எது எது என்று முதலில் மனிதர்கள்தானே கம்ப்யூட்டருக்குக் கற்றுத்தர வேண்டும்? தப்பாகக் கற்றுத்தந்தால், அதுவும் தப்பாகத்தானே சொல்லும்!

எங்கள் தூத்துக்குடி வான்தீவு, கடல் அரிப்பால் சுருங்கிய தீவு. நீர் ஏறியபோது எடுத்த படத்தோடு, வற்றியபோது எடுத்ததை அப்படியே ஒப்பிட்டால், தீவு ஒரே நாளில் வளர்ந்துவிட்டதாகக் கணக்கு வரும்!

உப்பு வாரும் அக்காவுக்கும், கடலுக்குப் போகும் அண்ணாச்சிக்கும் இதெல்லாம் அத்துப்படி. மாணவர்களை அவர்களிடம் அனுப்பி, படத்தைச் சரிபார்த்து வரச் சொல்லுங்கள். அதற்கும் மார்க் போடுங்கள். காய்ந்து கிடக்கும் உப்பளத்தை 'தரிசு' என்று வரைபடத்தில் போட்டுவிட்டால், பிழைப்பு போவது யாருக்கு? பேராசிரியர்கள் யோசிப்பார்களா?

– ஒரு வாசகி, தூத்துக்குடி.