எண்ணூர்ப் பசங்களுக்கு ஒரு ஒலிம்பிக் கடல் இருக்கு. மணல் எங்கே?

கேனரி தீவுகளின் லா கோமேராவில் தொடங்கி கரீபியனின் ஆன்டிகுவா வரை, சுமார் 4,800 கிலோமீட்டர் அட்லாண்டிக்கைத் துடுப்பு போட்டே கடக்கும் போட்டி ஒன்று இருக்கிறது. அணிகள் பொதுவாக இரண்டு மணி நேரம் வலிப்பது, இரண்டு மணி நேரம் ஓய்வு என்று ராத்திரி பகலாக மாறி மாறிப் போகும். இன்ஜினும் பாயும் கிடையாது. குடிதண்ணீரைக்கூட கடல்நீரிலிருந்துதான் எடுக்கணும். படகு கவிழ்ந்தால் தானாக நிமிரும், ஆனால் கேபின் கதவு மூடியிருந்தால் மட்டும்.

பெங்களூரில் பிறந்த அனன்யா பிரசாத் இதே பாதையைத் தனியாளாக 52 நாட்களில் கடந்தார், 2025 பிப்ரவரியில். படகு, கருவி, பயணம் என்று செலவு பெரிசு. ஸ்பான்சர் இல்லாமல் கரையை விட்டு நகர முடியாது.

ஆனால் இந்த விளையாட்டைத் தொடங்கிவைத்தவர்கள் பணக்காரர்கள் இல்லை. 1896-ல் நியூயார்க்கிலிருந்து 55 நாட்களில் இங்கிலாந்தின் சில்லி தீவுகளை அடைந்த ஜார்ஜ் ஹார்போ, ஃபிராங்க் சாமுவேல்சன் இருவரும் கிளிஞ்சல் எடுத்துப் பிழைத்தவர்கள். எண்ணூர்க் குப்பங்களுக்குப் புரியாத தொழிலா அது?

இப்போது விஷயத்துக்கு வருவோம். 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் 'பீச் ஸ்பிரின்ட்' என்ற கடற்கரைத் துடுப்புப் போட்டி முதன்முறையாக வருகிறது. மணலில் ஓடி, படகில் ஏறி, 250 மீட்டர் வலித்து, மிதவையைச் சுற்றித் திரும்பி, மறுபடி மணலில் ஓட வேண்டும். ஏரியின் அமைதியான நீரில் பழகியவர்களுக்கு அலையில் ஏறி இறங்குவது புதுசு. வாடையும் கச்சானும் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அது அன்றாடம். 'கேடமரான்' என்று உலகம் சொல்வது நம்ம கட்டுமரத்தைத்தான். இன்று ஃபைபர் படகும் மோட்டாரும் வந்துவிட்டாலும் அலையைப் படிக்கிற கண் போய்விடவில்லை.

அப்புறம் என்ன தடை? முதலில் மணல். சென்னைத் துறைமுகம் வந்த பிறகு வடக்கே கரை அரித்துப் போனது. திருவொற்றியூரிலிருந்து எண்ணூர் வரை பல இடங்களில் இன்று இருப்பது கருங்கல் குவியல். ஓடி ஏற மணல் இல்லை. அடுத்தது தண்ணீர். 2017 ஜனவரியில் காமராஜர் துறைமுகம் அருகே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் மறுபடி எண்ணெய் வந்து முகத்துவாரம் கறுத்தது. அனல்மின் நிலையச் சாம்பலால் கொசஸ்தலை ஆற்றுக் கழிமுகம் மேடாகிவிட்டது என்று மீனவர்கள் பல வருடமாகச் சொல்கிறார்கள்.

குப்பத்துக்கு நாலு படகும் ஒரு பயிற்சியாளரும் தருவது விளையாட்டுத் துறைக்குப் பெரிய செலவில்லை. ஆனால் அந்தப் படகு இறங்கும் நீரைச் சுத்தமாக வைப்பது அதன் கையில் இல்லை. கழிமுகத்தைத் தூர்வாருவது, நீரின் தரத்தை வாராவாரம் சோதித்து வெளியிடுவது, கல்லுக்கு நடுவில் மிச்சமிருக்கும் மணல் திட்டுகளைப் பாதுகாப்பது எல்லாம் வேறு வேறு துறைகளின் வேலை. விளையாட்டுத் துறை அவர்களை ஒரே மேசைக்கு அழைக்கணும், அதுவும் படகுக்கு டெண்டர் விடுவதற்கு முன்னாலேயே.