தங்குமுன் கேட்க வேண்டிய கேள்வி

கனடாவிலிருந்து கரவெட்டிக்கு வந்திருந்த மருமகன், வந்த இரண்டாம் நாளே கைத்தொலைபேசியை என்னிடம் நீட்டினான். "மாமா, கடலுக்கு நடுவிலை ஒரு பழைய கோட்டை. இப்ப அது விடுதியாம். இல்லாட்டி காங்கேசன்துறைக் கடற்கரையிலை ஒண்டு இருக்கு. ரண்டு நாள் போய் நிண்டிட்டு வருவமே?" என்றான். நான் வரமாட்டேன் என்றேன். "அரிசோனாவிலை அந்தப் பண்ணையிலை என்னோடை வந்து நிண்டனீங்கள்தானே? அதுக்கு ஓம், இதுக்கு மட்டும் ஏன் இல்லை?" என்று கேட்டான்.

நியாயமான கேள்வி. புலம்பெயர்ந்த உறவினர் பலரும் இதையே வேறு வேறு சொற்களில் கேட்டிருப்பதால், பதிலை இங்கே எழுதிவைக்கிறேன்.

அமெரிக்காவின் தென்மேற்குப் பாலைநிலத்தில் 'டியூட் ராஞ்ச்' எனப்படும் பண்ணை விடுதிகள் உள்ளன. நகரத்து மனிதர்களைக் காசுக்குத் தங்கவைத்துக் குதிரையேற்றும் இவ்வழக்கம் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கியது. அரிசோனாவில் 1920களிலும் 1930களிலும் பெருகியது. நாங்கள் தங்கியதும் அத்தகைய பழைய பண்ணையொன்றே. மண்சுவர் வீடு, கள்ளிக்காடு, விடியற்காலையில் குதிரைச் சவாரி. நான் மகிழ்ந்தேன் என்பதை மறைக்கப்போவதில்லை. அங்கே தந்த துண்டுப்பிரசுரத்தில் பண்ணையை நிறுவியவரின் வீரக்கதை இருந்தது. அவர் வருமுன் அந்நிலம் வெறுமையாகக் கிடந்ததாம்.

ஊர் திரும்பிய பின்னரே நான் மிகுதியை வாசித்தேன். 1886இல் ஜெரோனிமோ சரணடைந்ததும், சிரிகாகுவா அப்பாச்சி மக்கள் பெண்கள், குழந்தைகள் என்ற வேறுபாடின்றிப் புகைவண்டிகளில் ஏற்றப்பட்டு, போர்க்கைதிகளாகப் புளோரிடாவுக்கு அனுப்பப்பட்டனர். அமெரிக்க இராணுவத்துக்கு வழிகாட்டிகளாக ஊழியம் செய்த அப்பாச்சிகளும் தப்பவில்லை. 1913 வரை, 27 ஆண்டுகள், அம்மக்கள் கைதிகளாகவே இருந்தனர். அதன் பின்னரும் அரிசோனாவில் மீளக் குடியேற அவர்களுக்கு இடம் தரப்படவில்லை. வெறுமையாகக் கிடந்த நிலமன்று அது, வெறுமையாக்கப்பட்ட நிலம்.

ஆகவே மருமகனுக்கு என் முதற்பதில் இதுதான்: அங்கே நான் கேளாமல் தங்கினேன்; அது என் பிழை. இங்கே கேட்க வேண்டிய தேவையே இல்லை. விடை எங்கள் வீட்டு விறாந்தையில் படுத்துறங்கியது.

1990 ஜூனில் வலிகாமம் வடக்கு மக்கள் வீடுகளை விட்டு வெளியேறியபோது, காங்கேசன்துறைப் பக்கத்துக் குடும்பமொன்று எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. இரண்டு கிழமையில் திரும்பிவிடலாம் என்றே அவர்களும் நம்பினார்கள், நாங்களும் நம்பினோம். அக்குடும்பத்துத் தாயார் கொண்டுவந்த சூட்கேசில் துணிமணிகளைவிடக் காணி உறுதிகளே கவனமாகச் சுற்றிவைக்கப்பட்டிருந்தன. அவர்களுடைய ஊர் உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. அவர்கள் எங்களிடமிருந்து உறவினர் வீட்டுக்கும், அங்கிருந்து மல்லாகத்து நலன்புரி நிலையத்துக்கும் போனார்கள்.

போர் முடிந்து நான்கு ஆண்டுகளின் பின், 2013 ஏப்ரலில், வலிகாமம் வடக்கில் 6,381 ஏக்கர் காணியை இராணுவத் தேவைக்குச் சுவீகரிக்கும் அறிவித்தல்கள் ஒட்டப்பட்டன. உரிமை கோருவோரைக் கண்டறிய முடியவில்லை என்று அவற்றிற் சொல்லப்பட்டிருந்தது. அந்தத் தாயார் என்னை அழைத்து அறிவித்தலை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். "நான் இஞ்சைதானே தம்பி இருக்கிறன். ஆரைத் தேடினவை?" என்று கேட்டார். அவர் இருந்த முகாமிலிருந்து அவருடைய காணி சில மைல் தூரத்தில் இருந்தது. அரிசோனாத் துண்டுப்பிரசுரத்தை எழுதியவரும் இந்த அறிவித்தலை எழுதியவரும் ஒரே பாடசாலையிற் படித்திருக்க வேண்டும்.

இந்த வலயத்துக்குள்ளேதான், காணிக்காரர் உள்ளே கால்வைக்க முடியாதிருந்த காலத்தில், இராணுவம் காங்கேசன்துறைக் கடற்கரையில் 'தல்செவன' என்னும் உல்லாச விடுதியைத் திறந்தது. சிங்களத்தில் 'பனை நிழல்' என்பது அதன் பொருள். பனையை நட்டவன் முகாமில் தகரக் கூரையின் கீழ். நிழல் விடுமுறைக்கு வந்தவனுக்கு.

"கோட்டை அப்படியில்லையே மாமா, அது போர்த்துக்கேயன் கட்டினது" என்றான் மருமகன். உண்மை. ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையே நீரில் நிற்கும் ஹமன்ஹீல் கோட்டை எந்தத் தமிழனின் முதுசமும் அன்று. போர்த்துக்கேயர் கட்டினர், 1658இல் ஒல்லாந்தர் கைப்பற்றினர், 1971 கிளர்ச்சியின் பின் சிங்கள இளைஞர்களைக் கைதிகளாக அடைத்துவைத்த சிறையும் அதுவே. அதைக் கடற்படை விடுதியாக்கியது. அங்கே என் ஆட்சேபம் காணி பற்றியதன்று. ஆயுதப் படை ஏன் கட்டில் விரித்து வாடகை வாங்க வேண்டும்? மக்களின் வரிப்பணத்திற் சம்பளம் பெறும் ஆட்பலத்தோடு, கடன்பட்டு நான்கு அறை கட்டும் தீவகத்துக்காரன் எப்படிப் போட்டியிடுவான்? விருந்தினருக்கு இப்பகுதியின் வரலாற்றைச் சொல்லும் உரிமை, அவ்வரலாற்றில் ஒரு தரப்பாக நின்றவர்களிடம் மட்டும் ஏன் இருக்க வேண்டும்?

படையினர் இல்லாவிட்டால் அக்கட்டடங்கள் இடிந்து போயிருக்கும் என்பார்கள். இருக்கலாம். காவலுக்கு நின்றவனுக்கு நன்றி சொல்லலாம். வீட்டை எழுதிக் கொடுக்க முடியாது. காணிகள் விடுவிக்கப்படுகின்றனவே என்பார்கள். ஆம், 2015இலிருந்து பகுதி பகுதியாக விடுவிக்கப்பட்டன. 2017 ஜூலையில் மயிலிட்டித் துறைமுகம் திரும்பக் கிடைத்தது. ஆனால் வேலை முடியவில்லை. கடன் வாங்கியவன் முக்காற்பங்கைக் கொடுத்துவிட்டால் மிகுதிக்கு மாலை போடுவதில்லை.

நம்மவர் மீதும் எனக்குக் கோபம் உண்டு. ரொறன்ரோவிலும் இலண்டனிலும் காணி விடுவிப்புக்காகப் பதாகை பிடித்தவர்களுள் சிலர், ஊருக்கு வந்ததும் அதே கடற்கரையில் அறை பதிவு செய்து படம் எடுத்துப் போடுகிறார்கள். நாற்சார் வீடுகளை இடித்துக் கல்யாண மண்டபம் கட்டுகிறோம். பிறகு, பழைமையான இடத்திற் தங்க வேண்டும் என்று ஏங்குகிறோம்.

பருத்தித்துறையில் தெருமூடிமடம் இன்றும் நிற்கிறது. தெருவுக்கு மேலே கூரை, இருபுறமும் கல்திண்ணை. வழிப்போக்கன் இளைப்பாறவென்று கட்டப்பட்டது, காசு கேட்கவில்லை. அத்தகைய மடங்களின் திண்ணையில் எல்லாச் சாதியினரும் சமமாக இருந்து எழும்பியதில்லை என்பதையும், சாதிக்கெதிராகப் போராடிய கன்பொல்லையைத் தன்னகத்தே கொண்ட ஊரில் பிறந்த நான் மறைக்க முடியாது. பழைமையைப் போற்றுவதென்றால் இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

என் கோரிக்கை எளியது. எஞ்சிய தனியார் காணிகள் உரியவரிடம் திரும்ப வேண்டும். படைகள் விடுதித் தொழிலை விட்டு விலகி, அவ்விடங்களைக் குடிசார் நிருவாகத்திடம் ஒப்படைக்க வேண்டும். 2023 ஒக்ரோபரில் நாகபட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் தொடங்கியபின் வெளியூரார் வரவு கூடும். வருகிறவர்களை வரவேற்போம். ஆனால் அறையைப் பதிவு செய்யுமுன், "இந்தக் காணி ஆருடையது?" என்று ஒரு வார்த்தை கேட்கட்டும்.

மருமகன் கடைசியில் எங்கள் வீட்டு விறாந்தையிலேயே நுளம்புவலை கட்டிப் படுத்தான். அந்தத் தாயார் தம் காணியை மீண்டும் காணாமலே 2016இல் காலமானார். உறுதிகள் மகளிடம் இருக்கின்றன.